ஈறையும் பல்லெலும்பையும் மீண்டும் வளர்த்தல்: பள்ளத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் செல் தாள் வரை

ஈறு நோய் முற்றி எலும்பு கரைந்த பல்லில் வேரை நன்றாகச் சுத்தம் செய்தால் ஈறு இறுகும், ரத்தக் கசிவு நிற்கும், ஈறுக்கும் வேருக்கும் இடையே விழுந்த இடைவெளியான பாக்கெட்டின் ஆழம் குறையும். நோயாளிக்கு அது குணமானது போலவே இருக்கும். ஆனால் உள்ளே பெரும்பாலும் நடந்திருப்பது ஒட்டுவேலைதான். ஈற்றின் மேல்தோல் படலமான மெல்லிய எபிதீலியம் வேரின் மேல் நீளமாக இறங்கி ஒட்டியிருக்கும். இழந்த எலும்பும் நாரும் இழந்தபடியே கிடக்கும். வேரின் மேல் புதிய சிமென்டம் (வேரைப் போர்த்தும் கடினப் படலம்), எதிரே புதிய எலும்பு, இரண்டிலும் முனை புதைந்து நடுவே குறுக்காக ஓடும் இணைப்பு நார் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அதை மீளுருவாக்கம் என்று சொல்லலாம்.

மூன்றும் வருமா என்பது சுத்தம் செய்த வேர்ப்பரப்பை எந்தச் செல் முதலில் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. 1976-இல் மெல்ச்சர் முன்வைத்த இந்தக் கருத்தின் மேல்தான் இன்றைய முறைகள் எல்லாம் நிற்கின்றன. வேகத்தில் முந்துவது எபிதீலியம். அது போய்ச் சேர்ந்தால் மேலே சொன்ன ஒட்டுவேலை. ஈற்றின் இணைப்புத் திசு சேர்ந்தால் வேர் அரிக்கப்படலாம். எலும்புச் செல் நேராக வேரைத் தொட்டால் பல்லும் எலும்பும் இறுகிப் பிணைந்துவிடும், பிறகு வேர் மெல்ல எலும்பாக மாறிக் கரையும். இணைப்பு நாரிலிருந்து வரும் செல்களால் மட்டுமே மூன்று திசுக்களையும் ஒழுங்காக உண்டாக்க முடியும், ஆனால் அவை மெதுவாக நகர்பவை. நைமன், லிண்டே, காரிங் குழு 1982-இல் ஒரு மனிதப் பல்லில் வடிதாளைத் தடுப்பாக வைத்து எபிதீலியத்தை விலக்கி, இந்த மெதுவான செல்களுக்கு வழிவிட்டுக் காட்டியது.

ஆகவே எந்தப் பொருளை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் மூன்று விஷயங்களை உறுதி செய்யுங்கள்: செல்கள் வளர இடம், அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் ரத்தக் கட்டி, அதன் மேல் பிரியாமல் மூடியிருக்கும் ஈறு. தோற்றுப்போன சிகிச்சைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் தோற்றிருக்கும். பொருள் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் தையல் பிரிந்த இடத்தில் எந்த வளர்ச்சிக் காரணியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எந்தப் பள்ளம் தகுதியானது

முதல்கட்டச் சுத்தம் முடிந்து 6 முதல் 12 வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் பாக்கெட் மிஞ்சியிருந்து, அதன் கீழே எலும்புக்குள் இறங்கும் பள்ளம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமாக இருந்தால் மீளுருவாக்க அறுவைக்கு அது பொருத்தமான இடம். ஐரோப்பிய ஈறு நோய்க் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதலும் இதே 3 மி.மீ. எல்லையைத்தான் வைக்கிறது. எலும்பு கிடைமட்டமாகத் தேய்ந்திருந்தால் எந்த முறையிலும் உயரத்தைத் திரும்பக் கொண்டுவருவதை எதிர்பார்க்க வேண்டாம். செல் வருவதற்கான சுவரும் அங்கே இல்லை, கட்டியைத் தாங்குவதற்கும் ஒன்றும் இல்லை.

ஆழமும் குறுகலும் நல்லவை, அகலம் கெட்டது. எக்ஸ்ரேயில் வேரின் கோட்டுக்கும் பள்ளத்தின் எலும்புச் சுவருக்கும் இடையிலான கோணத்தை அளவிடுங்கள். 25 டிகிரிக்குள் இருந்தால் பலன் நன்றாக வரும். 37 டிகிரிக்கு மேல் போனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், தாங்கும் பொருளும் தேவைப்படும். மூன்று சுவர் மிஞ்சிய பள்ளம் தன்னையே தாங்கிக்கொள்ளும், ஒரே சுவர் உள்ளதில் ஈறு மடல் உள்ளே சரிந்துவிடும். கடைவாய்ப் பல்லின் வேர்ப்பிரிவில் இரண்டாம் நிலைச் சேதம் வரை முயலலாம், அதிலும் கீழ்க் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்கம் நன்றாக ஒத்துழைக்கும். ஒருபக்கம் நுழைத்த புரோப் (ஆழம் அளக்கும் மெல்லிய கம்பி) மறுபக்கம் வெளியே வரும் மூன்றாம் நிலையில் முன்கூட்டியே சொல்லக்கூடிய பலன் இல்லை.

பள்ளம் சரியாக இருந்தும் வாய் தயாராக இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள். வாய் முழுவதற்குமான பிளாக் (பல்லில் படியும் கிருமிப் படலம்) அளவும், புரோப் வைத்தால் ரத்தம் கசியும் இடங்களின் அளவும் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் புகைப்பவரிடம் பலன் பாதியாகிப் போகலாம். இதை அறுவைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. நீரிழிவு உள்ளவரின் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 7 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பல் கூழ் உயிரோடு இருக்கிறதா என்று குளிர்ச் சோதனை செய்யுங்கள். செத்த கூழிலிருந்து வரும் கிருமி கீழிருந்து எல்லாவற்றையும் கெடுக்கும், ஆகவே வேர் சிகிச்சை முதலில். பல் பக்கவாட்டில் 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் அறுவைக்கு முன்பே பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கடியிலும் ஆடும் பல்லில் கட்டி வேரிலிருந்து பெயர்ந்துகொண்டே இருக்கும்.

அறுவை

மரத்துப்போகும் ஊசியைப் பற்களுக்கு நடுவிலுள்ள ஈற்று முனையில் நேராகப் போட வேண்டாம். மருந்திலுள்ள அட்ரினலின் அந்தச் சிறு முனையின் ரத்த ஓட்டத்தை அடைத்தால் பிறகு அது கருகி விழும், அடியில் வைத்ததெல்லாம் வெளியே தெரியும்.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதைப் பல்லிடைவெளி முடிவு செய்கிறது. வெளி 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் கன்னப்பக்கத்தில் ஈற்று முனையின் அடியில் கிடையாக வெட்டி, முனை முழுவதையும் அண்ணப் பக்கம் தூக்குங்கள். 2 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், நோயுள்ள பல்லின் கன்னப்பக்க ஓரத்தில் தொடங்கி, பக்கத்துப் பல் தொடும் புள்ளிக்குக் கீழே ஈற்று முனையின் நடுவரை சாய்வாக வெட்டுங்கள். கத்தி முனை பல்லின் நீள அச்சுக்கு இணையாகவே இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் விளிம்பு காகிதம் போல மெலிந்துவிடும். மடலை எவ்வளவு குறைவாகத் தூக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது: பள்ளத்தின் எலும்பு விளிம்பு தெரிந்தால் போதும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யப் போக வேண்டாம்.

பள்ளத்திலுள்ள அழற்சித் திசுவைச் சுரண்டி எடுத்து, வேரின் மேல் ஒட்டிய காரையை மெல்லிய அல்ட்ராசோனிக் முனையாலும் சிறு கியூரெட்டாலும் நீக்குங்கள். இந்த வேலைக்கு அவசரமே கூடாது. காரையின் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அந்த இடத்தில் புதிய சிமென்டம் உட்காராது. அதே சமயம் பள்ளத்தின் அடியில் வேரோடு மிஞ்சியிருக்கும் ஆரோக்கியமான நாரைச் சுரண்டிவிடாதீர்கள். வரவேண்டிய செல்கள் புறப்படும் இடமே அதுதான்.

எனாமல் மேட்ரிக்ஸ் டெரிவேட்டிவ் (எனாமல் புரதங்களாலான ஜெல்) பயன்படுத்துவதானால் அடுத்து வரும் சில நிமிடங்கள்தான் முக்கியம். நடுநிலை பி.எச். கொண்ட 24 சதவீத ஈடிடிஏ ஜெல்லை வேரில் 2 நிமிடம் வைத்து, சலைனால் தாராளமாகக் கழுவுங்கள். இது வேர்ப்பரப்பின் அழுக்குப் படலத்தை நீக்கி கொலாஜன் இழைகளை வெளிக்காட்டும். முன்பு இதற்குப் பயன்படுத்திய, பி.எச். 1 அளவிலான சிட்ரிக் அமிலம் சுற்றியுள்ள திசுவையும் சுடும். கழுவியதும் வேர் ரத்தமில்லாமல் இருக்கும் சில நொடிகளில் இந்தப் புரத ஜெல்லை அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள். ஜெல்லில் பெரும்பகுதி அமிலோஜெனின் புரதம், அது வேரில் நேரடியாகப் படிய வேண்டும். ரத்தப் புரதங்கள் முந்திக்கொண்டால் அந்தப் பரப்பு அவற்றுக்குப் போய்விடும். ரத்தம் நிற்கவில்லையா? ஈரத் துணியால் அழுத்திப் பிடித்துக் காத்திருங்கள், வேரை மறுபடி கழுவுங்கள், பிறகு வையுங்கள்.

எதை நிரப்புவது

குறுகிய, இரண்டு மூன்று சுவருள்ள பள்ளத்துக்கு ஜெல் மட்டும் போதும். மடலைக் குறைவாகத் தூக்கும் முறையில் செய்தால் சில சமயம் வெறும் ரத்தக் கட்டியே போதுமானதாக இருக்கும். அகலமான பள்ளத்தில் ஜெல்லால் இடத்தைத் தாங்க முடியாது, எலும்புத் துகள் வேண்டும். 0.25 முதல் 1 மி.மீ. அளவுத் துகள் இதற்கு ஏற்றது. இன்னும் பொடியாக இருந்தால் இடைவெளி அடைந்துபோய் ரத்தக் குழாய் நுழைய வழி இருக்காது. துகளைச் சலைனிலோ காயத்திலிருந்து எடுத்த ரத்தத்திலோ நனைத்து, சிறு சிறு பங்காக எலும்பு விளிம்பு மட்டம் வரை தளர்வாக வையுங்கள். அழுத்தித் திணிப்பதும் மட்டத்துக்கு மேல் குவிப்பதும் வழக்கமான தவறுகள்: முதலாவது குழாய்களுக்கான வழியை அடைக்கும், இரண்டாவது தையலை இழுத்துப் பிரிக்கும். புரதம் நீக்கிய மாட்டெலும்புத் துகள் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். அதனால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதை எல்லாம் புதிய எலும்பு என்று எண்ணிவிடக் கூடாது. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் மாதங்களில் கரைந்து இடம் விடும்.

எபிதீலியத்தைத் தடுக்கும் தாளான மெம்பரேனைப் பள்ளத்தின் ஓரத்தைத் தாண்டி நல்ல எலும்பின் மேல் 2 முதல் 3 மி.மீ. படியுமாறு வெட்டுங்கள். முதலில் கிருமிநீக்கம் செய்த தாளில் அச்சு வெட்டி, வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மெம்பரேனை வெட்டினால் வீணாகாது. தடுப்பு குறைந்தது 4 முதல் 6 வாரமாவது நிற்க வேண்டும். கரையும் கொலாஜனுக்கு இரண்டாம் அறுவை தேவையில்லை, ஆனால் நனைந்ததும் துவண்டுவிடும், அடியில் துகள் இல்லாமல் அகலப் பள்ளத்தின் மேல் விரித்தால் உள்ளே தொய்ந்துபோகும். கரையாத பிடிஎஃப்இ (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) நன்றாக விறைத்து நிற்கும், ஆனால் 4 முதல் 6 வாரத்தில் திறந்து எடுக்க வேண்டும், வெளியே தெரிந்தால் கிருமி ஏறும்.

வளர்ச்சிக் காரணிகளில், மி.லி.க்கு 0.3 மி.கி. செறிவுள்ள பிடிஜிஎஃப்-பிபி, பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டோடு சேர்த்து 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 0.3 சதவீத எஃப்ஜிஎஃப்-2 ஜெல் 2016-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. இரண்டும் இணைப்பு நார்ச் செல்களைப் பெருக்கி நகர்த்துபவை. பிஎம்பி-2 என்ற புரதம் எலும்பை வலுவாக வளர்க்கிறதே, இதையே இங்கும் வைத்தால் என்ன என்று பலருக்குத் தோன்றும். வேரை ஒட்டி வைக்க வேண்டாம். எலும்புச் செல்களை அது முந்த வைப்பதால் பல் எலும்போடு பிணையும் ஆபத்து உண்டு. பல் எடுத்த குழியிலும் மேல்தாடை சைனஸ் அடியிலும் அது பயன்படும், உயிருள்ள வேரின் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை.

பிஆர்எஃப்: சொந்த ரத்தத்திலிருந்து

பிளேட்லெட் செறிந்த ஃபைப்ரின் (பிஆர்எஃப்) கட்டியைச் செய்ய வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்காத 9 அல்லது 10 மி.லி. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் சுழலியில் வைத்தாக வேண்டும். ரத்தக் குழாய் கிடைக்காமல் தாமதமானால் குழாயிலேயே உறைந்து, மேலே தளர்ந்த சிறு கட்டிதான் கிடைக்கும். அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக் குழாயில் உறைதல் சரியாகத் தொடங்காது.

நிமிடத்துக்கு 2700 சுற்றில் 12 நிமிடம் என்பது நிலையான முறை. இங்கே பலர் கவனிக்கத் தவறுவது சுழலியின் ஆரம். ரத்தம் உணர்வது சுற்றை அல்ல, விசையை. விசை = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × சுற்றின் வர்க்கம். ஆரம் 5 செ.மீ. என்றால் 2700 சுற்று சுமார் 407 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 407 மடங்கு விசை தரும். 10 செ.மீ. ஆரமுள்ள சுழலியில் அதே 2700 சுற்று 815 ஜி ஆகிவிடும், செல்கள் எல்லாம் அடியில் போய் அமுங்கும். அதில் 407 ஜி வேண்டுமானால் சுமார் 1910 சுற்றில் வைக்க வேண்டும். சுழலியை வாங்கியதும் நடு அச்சிலிருந்து குழாயில் கட்டி உருவாகும் இடம்வரை அளந்து, இந்தக் கணக்கைப் போட்டு இயந்திரத்தின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

மஞ்சள் கட்டியை எடுத்து, சிவப்புப் பகுதியிலிருந்து ஒரு மி.மீ. சிவப்பு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள், பிளேட்லெட்டும் வெள்ளணுவும் அந்த எல்லையில்தான் செறிந்திருக்கும். மெதுவாக அழுத்தித் தாளாக்கிப் பயன்படுத்தலாம், நறுக்கித் துகளோடு கலக்கலாம். காயம் ஆறுவதற்கு இது நல்ல துணை. ஆனால் இரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடும் என்பதால் மெம்பரேன் செய்யும் தடுப்பு வேலையை இதனிடம் ஒப்படைக்க முடியாது.

ஈறு மட்டும் இறங்கிய இடம்

பற்களுக்கு நடுவிலுள்ள எலும்பு குறையாமல் கன்னப்பக்க ஈறு மட்டும் இறங்கியிருந்தால் வேரை முழுமையாக மூட வாய்ப்புண்டு. நடு எலும்பும் குறைந்திருந்தால் ஓரளவுதான் மூடும். இங்கே இன்றும் முதலிடம் அண்ணத்திலிருந்து எடுக்கும் இணைப்புத் திசுவுக்கே: கோரைப்பல்லின் பின்பக்கம் தொடங்கி முதல் கடைவாய்ப் பல் வரை, 1 முதல் 1.5 மி.மீ. தடிமன். அண்ணத் தமனி பல்லின் கழுத்திலிருந்து தட்டையான அண்ணத்தில் 7 மி.மீ. தூரத்திலேயே வந்துவிடும், சராசரி அண்ணத்தில் 12, உயர்ந்ததில் 17 மி.மீ. அதற்கு 2 மி.மீ. முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் இந்தத் திசு சுற்றுப்புற நீரை உறிஞ்சித்தான் பிழைக்கிறது, ஆகவே அடியில் தடித்த ரத்தக் கட்டி இருந்தாலும் அசைந்தாலும் செத்துவிடும். தைத்த பின் ஈரத் துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

கடினமான ஈற்றுத் தோல் வருமா, மென்மையான கன்னத் தோல் வருமா என்பதை அடியிலுள்ள இணைப்புத் திசுவே தீர்மானிக்கிறது. அதனால்தான் அண்ணத் திசு இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. கொலாஜன் மேட்ரிக்ஸ் வைத்தால் அண்ணத்தில் காயம் இல்லை, ஆனால் வேர் மூடும் அளவு சராசரியாகச் சற்றுக் குறையும். ஈற்றுக்கான உயிருள்ள திசுப்பொறியியல் பொருளுக்கும் முன்மாதிரி உண்டு: மாட்டுக் கொலாஜனில் மனித கெராட்டினோசைட்டும் (மேல்தோல் செல்) ஃபைப்ரோபிளாஸ்டும் (இணைப்புத் திசுச் செல்) வளர்த்த தாள் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை மடலுக்கு அடியில் புதைக்கக் கூடாது, காயத்தின் மேற்பரப்பில் விரித்து வைப்பதற்கே அனுமதி.

தையலும் அதன் பிறகும்

6-0 அல்லது 7-0 ஒற்றை இழை நூல். முதல் தையல் ஆழமாக, மடலின் இழுவையை ஏற்கும் உள் மெத்தைத் தையல். அது முடிந்ததும் ஈற்று முனையின் இரு விளிம்பும் தானாகவே தொட்டுக்கொள்ள வேண்டும். தொடவில்லையென்றால் இரண்டாம் தையலால் இழுத்துச் சேர்க்கப் பார்க்காதீர்கள். முதலாவதைப் பிரித்து, மடலின் அடியிலுள்ள எலும்புறையைத் தளர்த்தி மீண்டும் போடுங்கள். இரண்டாவது தையலின் வேலை விளிம்பை மூடுவது மட்டும்தான்.

முதல் 2 முதல் 3 வாரம் அந்த இடத்தில் பிரஷ் கூடாது. 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் 10 மி.லி. காலையும் இரவும் ஒரு நிமிடம் கொப்பளிக்க வேண்டும். மற்ற பற்களுக்குப் பற்பசை பயன்படுத்தினால் அரை மணி நேரம் இடைவெளி விட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பற்பசையின் நுரைப்பொருள் மருந்தை முடக்கிவிடும். பழுப்புக் கறை படியும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். தையலை 7 முதல் 14 நாளில் எடுக்கலாம். முதல் 6 வாரம் வாராவாரம் வரவழைத்து மேலே படிந்த பிளாக்கை மட்டும் மெதுவாகத் துடையுங்கள். பல்லிடைப் பிரஷ் 4 முதல் 6 வாரம் கழித்து.

கொலாஜன் மெம்பரேன் வெளியே தெரிந்தால் பதறிப் பிடுங்க வேண்டாம். குளோர்ஹெக்சிடின் ஜெல் தடவிவந்தால் வெளிப்பட்ட பகுதி கரைந்து, அடியில் புதுத்திசு மூடிக்கொள்ளும், பலன் சற்றுக் குறையும். கரையாத மெம்பரேனில் சீழ் தெரிந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

செல் தாளும் அச்சிட்ட சாரமும்

இது ஆய்வகத்துக்கும் அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கும் உரிய பகுதி, சாதாரண மருத்துவமனைச் சிகிச்சை அல்ல. இணைப்பு நாரில் தண்டுச் செல் இருப்பதை 2004-இல் சியோ, ஷி குழு காட்டியது. அவர்கள் வகுத்த பிரித்தெடுப்பு முறையே இன்றும் அடிப்படை. எடுத்த ஞானப் பல்லையோ முன்கடைவாய்ப் பல்லையோ உடனே குளிர்ந்த, ஆன்டிபயாடிக் கலந்த கரைசலில் போட்டுப் பலமுறை அலசுங்கள். வேரின் நடு மூன்றிலொரு பங்கில் மட்டும் நாரைச் சுரண்டுங்கள்: மேற்பகுதியில் ஈற்றுச் செல் கலந்துவிடும், முனையில் கூழ்ப் பக்கத்துச் செல். சுரண்டியதை மி.லி.க்கு 3 மி.கி. கொலாஜனேஸ் வகை 1, 4 மி.கி. டிஸ்பேஸ் ஆகிய திசுவைக் கரைக்கும் நொதிகளின் கலவையில் 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, 70 மைக்ரோமீட்டர் சல்லடையில் வடிகட்டுங்கள். ஆல்ஃபா எம்இஎம், 15 சதவீத சீரம், 100 மைக்ரோமோலார் அஸ்கார்பிக் அமில 2-பாஸ்பேட், 2 மில்லிமோலார் குளுட்டமின், பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஊடகத்தில் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வளருங்கள். 70–80 சதவீதம் நிரம்பியதும் பிரித்து மாற்றுங்கள், 5-ஆம் தலைமுறைக்கு மேல் போகாமல் பயன்படுத்திவிடுங்கள். செல்லின் மேற்பரப்பு அடையாளங்களில் சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் 95 சதவீதத்துக்கு மேலும், சிடி34, சிடி45, எச்எல்ஏ-டிஆர் போன்றவை 2 சதவீதத்துக்குள்ளும் இருக்கிறதா என்று பாருங்கள். செல் வளர்ப்பைக் கெடுக்கும் நுண்ணுயிரான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

டிரிப்சின் போட்டுச் செல்களைப் பிரித்து ஊசியால் செலுத்தினால் செல்லோடு செல் பிடித்த பிடியும் அவை தயாரித்த மேட்ரிக்ஸும் அறுந்துபோகும், பெரும்பாலான செல்கள் பள்ளத்தில் தங்காது. இதற்கு ஜப்பானில் கண்ட விடை செல் தாள். வெப்பத்துக்கு ஏற்ப மாறும் பாலிமர் பூசிய தட்டில் 37 டிகிரியில் செல் ஒட்டி வளரும். 32 டிகிரிக்குக் கீழே பாலிமர் நீரை உறிஞ்சி விரிந்து தாளை முழுசாக விட்டுவிடும். 20 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஓரத்திலிருந்து கழலத் தொடங்கும். தாங்கல் இல்லாமல் எடுத்தால் சுருண்டு பாதி அளவாகிவிடும், ஆகவே கழலும் முன்பே மேலே நெய்த பாலிகிளைகாலிக் அமிலத் துணியை வைத்து எடுக்க வேண்டும். 2018-இல் 10 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில் இப்படி மூன்றடுக்குத் தாளை வேரில் ஒட்டி, பள்ளத்தைப் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டால் நிரப்பினார்கள். பாதுகாப்பும் முன்னேற்றமும் தெரிந்தன, ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. 2016-இல் சீனாவில் இதே வகைச் செல்களை மாட்டெலும்புத் துகளோடு வைத்து ஒப்பிட்டபோது, துகள் மட்டும் வைத்த குழுவைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. செல்லைக் காசாக்கத் துடிப்பவர்கள் இந்த இரண்டாவது முடிவைச் சொல்வதில்லை. நோயாளிக்கு அது தெரிந்தாக வேண்டும்.

செல் வளரத் தாங்குசட்டமாக முப்பரிமாணத்தில் அச்சிட்ட சாரத்தில் கவனிக்க வேண்டியது கரையும் வேகம். 2015-இல் வெளியான மனிதச் சிகிச்சையில், 4 சதவீத ஹைட்ராக்ஸிஅப்படைட் கலந்த பாலிகாப்ரோலாக்டோன் சாரத்தைப் பிடிஜிஎஃப்போடு வைத்தார்கள். 12 மாதம் நன்றாக நின்றது, 13-ஆம் மாதம் வெளியே தெரிந்து எடுக்க நேர்ந்தது. பாலிமரின் பெரும்பகுதி அப்போதும் கரையாமலே இருந்தது. எலும்பு மாதங்களில் வருகிறது, இந்தப் பாலிமர் ஆண்டுக் கணக்கில் கிடக்கிறது. வடிவமைப்பவர்கள் பொருளின் மொத்த அளவைக் குறைத்து, மின்புலத்தில் இழுத்த மெல்லிய இழைகளால் வெளியை அதிகமாக்குவதே இப்போதைய வழி. எலும்புப் பக்கத்துக்கு 300 மைக்ரோமீட்டரை ஒட்டிய துளைகளும், வேர்ப்பக்கத்துக்கு வேருக்குச் செங்குத்தாகப் போகும் வழிகளும் வையுங்கள். ரத்தக் குழாயிலிருந்து 200 மைக்ரோமீட்டருக்கு அப்பாலுள்ள செல் ஆக்சிஜன் கிடைக்காமல் சாகும் என்பதால், தடித்த சாரத்தை முழுக்கச் செல்லால் நிரப்பி வைப்பது வீண்.

பலனை அளப்பது

6 மாதம் வரை புரோபை உள்ளே விடாதீர்கள், முடிந்தால் 9 மாதம் வரை. புதிய நார் இன்னும் முற்றியிருக்காது, அழுத்தினால் கிழியும். ஓராண்டில், முதலில் எடுத்த அதே கோணத்தில் எக்ஸ்ரே எடுங்கள். அதற்காக முதல் நாளே கடிப்பிடியின் அச்சை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பாக்கெட் ஆழத்தோடு பல்லின் கழுத்திலிருந்து ஒட்டு மட்டத்தையும் (ஈறு வேரில் ஒட்டியிருக்கும் இடம் வரையிலான தூரம்) பதிவு செய்யுங்கள், ஏனென்றால் ஈறு இறங்கினாலும் பாக்கெட் ஆழம் குறைந்ததாகவே காட்டும். ஓராண்டில் பாக்கெட் 4 மி.மீ.க்குள் இருந்து ரத்தம் கசியவில்லையென்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு போதும். 5 மி.மீ.க்கு மேல் கசிவோடு நின்றால் உடனே மீண்டும் திறக்க வேண்டாம். முதலில் பிளாக், புகை, சர்க்கரை, கடி நான்கையும் பாருங்கள். அவை சரியாக இருந்து, எக்ஸ்ரேயில் பள்ளம் இன்னும் 3 மி.மீ.க்கு மேல் தெரிந்தால் மட்டுமே இரண்டாம் முறை.